தண்ணீரின் வழியில் எதை எங்கே வைப்பது: கார்ல் டெர்சாகியின் வாழ்வும் மீரியபெத்த மலையும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது. சில நிமிடங்களுக்குள் லயன்கள், கோயில், பீலிக்கரை எல்லாம் மண்ணுக்கடியில் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் புதையுண்டார்கள். அவர்களில் பலரது உடல்கள் இன்றுவரை எடுக்கப்படவில்லை.

அடை மழை, அதனால் மலை சரிந்தது என்றுதான் அன்று பலரும் சொன்னார்கள். அதில் பொய் இல்லை, ஆனால் அது பாதி உண்மை. அதே மழை பக்கத்து மலைகளிலும் பெய்தது. அவை நின்றன, இது விழுந்தது. ஏன்?

இந்தக் கேள்விக்கான விடை மீரியபெத்த சரிவதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் கார்ல் டெர்சாகி. உலகெங்கும் சிவில் பொறியியல் மாணவர்கள் அவரை மண் பொறியியலின் தந்தை என்று படிக்கிறார்கள். மலைக்குக் கீழே படுத்துறங்கும் எங்கள் மக்களுக்கோ அவருடைய பெயர் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது.

படையினரின் பிள்ளை

டெர்சாகி 1883 ஒக்டோபர் 2ஆம் திகதி பிராக் நகரில் பிறந்தார். அன்று அது ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் நகரம். தகப்பனார் இராணுவ அதிகாரி. மகனும் படைக்கே போக வேண்டும் என்பது குடும்ப வழக்கம். ஆகவே சிறுவயதிலேயே இராணுவப் பாடசாலையில் சேர்த்தார்கள். அங்கே அவருக்குப் பிடித்தவை வானியலும் புவியியலும் கணிதமும்தான். படை வேண்டாம் என்று முடிவு செய்து, 1900இல் கிராஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்கப் போனார்.

அடக்கமான மாணவர் என்று அவரைச் சொல்ல முடியாது. குறும்பு எல்லை மீறி, கல்லூரியை விட்டே விலக்கப்படும் நிலைக்கு ஒரு முறை வந்தார். 1904இல் பட்டம் பெற்றபோது இயந்திரங்களில் அவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. பாறையும் மண்ணும் அவரை இழுத்தன. கட்டாய இராணுவ சேவையில் இருந்த ஆண்டில், ஆங்கிலத்தில் வந்த கள நிலவியல் கைநூல் ஒன்றை ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்தார்.

பிறகு வியன்னாவின் கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை. குரோஷியாவின் சுண்ணாம்புக்கல் மலைகளில் நீர்மின் திட்டத்துக்காக நிலத்தை ஆராய்ந்தார். ஆறுகள் திடீரென்று நிலத்துக்குள் மறைந்து வேறெங்கோ வெளியே வரும் பூமி அது. ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க்கிலும் வேலை செய்தார். போன இடமெல்லாம் ஒன்றைக் கவனித்தார். இரும்புப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் பொறியியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மண் என்று வந்தவுடன் அனுமானம், அனுபவம், அதிர்ஷ்டம் என்று போனார்கள். அணைகள் உடைந்தன, சுவர்கள் சாய்ந்தன, கட்டடங்கள் புதைந்தன. காரணத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1912இல் அமெரிக்கா போனார். பெரிய அணைகள் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம். அணை அணையாகப் போய், எந்த மண்ணில் எது நின்றது, எது விழுந்தது என்று தகவல் சேர்த்தார். கையில் காசு தீர்ந்தபோது கூலி வேலையும் செய்தார். இவ்வளவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் விதி ஒன்று தென்படும் என்று நம்பினார். எதுவும் தென்படவில்லை. 1913இன் இறுதியில் மனம் சோர்ந்து ஊர் திரும்பினார்.

போர் தின்ற நாடு

அடுத்த ஆண்டு முதலாம் உலகப் போர் தொடங்கியது. டெர்சாகியும் படைக்கு அழைக்கப்பட்டு, சேர்பியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். 1916இல் அவரை இஸ்தான்புலில் இருந்த ஒட்டோமான் பொறியியல் கல்லூரிக்கு விரிவுரையாளராக அனுப்பினார்கள். குண்டுச் சத்தத்துக்கு அப்பால் அமர்ந்து யோசிக்க முதன்முறையாக அவருக்கு நேரம் கிடைத்தது.

1918இல் போர் முடிந்தது. தோற்ற பக்கத்தில் நின்றவர் டெர்சாகி. அவர் பிறந்த பேரரசு வரைபடத்திலிருந்தே மறைந்தது. இஸ்தான்புலுக்குள் வென்ற படைகள் வந்தன. அவருடைய வேலை பறிபோனது. முப்பத்தைந்து வயதில் வேலையும் இல்லை, திரும்பிப் போவதற்குப் பழைய நாடும் இல்லை. போர் ஒரு மனிதனிடமிருந்து என்னவெல்லாம் எடுத்துச் செல்லும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே நகரில் அமெரிக்கர்கள் நடத்திய ரொபேர்ட் கல்லூரி அவருக்குச் சிறிய சம்பளத்தில் ஆசிரியர் வேலை கொடுத்தது. ஆய்வுகூடம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. சுருட்டுப் பெட்டிகளையும் கல்லூரிக் குப்பையில் பொறுக்கிய உலோகத் துண்டுகளையும் வைத்துத் தானே கருவிகள் செய்தார். ஒரு வளையத்துக்குள் ஈரக் களிமண்ணை வைத்து, மேலும் கீழும் நீர் வடிய வழி விட்டு, மேலே பாரம் ஏற்றினார். எவ்வளவு அமுங்குகிறது, எத்தனை நேரத்தில் அமுங்குகிறது என்று அளந்தார். இன்று உலகெங்குமுள்ள மண் பரிசோதனைக் கூடங்களில் அந்தச் சோதனையின் திருத்திய வடிவம்தான் நடக்கிறது.

கிண்ணம் ஏன் நகர்கிறது

அவர் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ள அடுப்படிக்குப் போனால் போதும். அடிவளையம் உள்ள கிண்ணத்தில் சூடான ரசத்தை ஊற்றி, ஈரமான மேசையில் வையுங்கள். சில வேளைகளில் யாரும் தொடாமலே அது மெல்ல நகரும். வளையத்துக்குள் சிக்கிய காற்று சூடாகி விரிந்து, கிண்ணத்தைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. கிண்ணத்தின் பாரம் குறையவில்லை. மேசையை அழுத்தும் பங்குதான் குறைந்தது. பிடிப்பு குறைந்ததால் அது நகர்ந்தது.

மலையிலும் நடப்பது இதுதான். மண்ணில் மணிகளும் மணிகளுக்கிடையே இடைவெளிகளும் உண்டு. மணியும் மணியும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சரிவு நிற்கிறது. இடைவெளிகளில் நீர் நிறைந்து, வெளியேற வழி இல்லாமல் அழுத்தம் ஏறினால், மேலேயுள்ள மண்ணின் பாரத்தில் ஒரு பங்கை அந்த நீரே தாங்கிக்கொள்ளும். நீருக்குப் பிடிப்பு கிடையாது. மணிகளுக்கிடையிலான அழுத்தம் குறையக் குறைய மலையின் பிடி தளரும். ஓர் எல்லையில் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டுவிடும்.

மண் நனைந்து வழுக்குவதால்தான் சரிகிறது என்பது பொதுவான நம்பிக்கை. டெர்சாகி பிற்காலத்தில் அதை நேரடியாகவே மறுத்தார். நீர் அங்கே எண்ணெயின் வேலையைச் செய்வதில்லை, அழுத்தத்தின் வேலையைச் செய்கிறது என்றார். இது சொல் வித்தியாசம் அல்ல. வழுக்குவதுதான் காரணம் என்றால் மழைக்காலத்தில் சாமி கும்பிடுவதைத் தவிர வழியில்லை. அழுத்தம்தான் காரணம் என்றால் நீரை வெளியே எடுத்து அந்த அழுத்தத்தைக் குறைக்கலாம். மலையைக் காப்பாற்றலாம்.

களிமண்ணிலிருந்து நீர் வெளியேறும் வேகத்துக்கும் அவர் ஒரு சமன்பாடு எழுதினார். தடித்த இரும்பிலிருந்து சூடு வெளியேறுவதைக் கணக்கிடும் சமன்பாடும் அதுவும் ஒரே வடிவம். இன்று கணினிச் சிப்பின் வெப்பம் உலோகத் தகட்டினூடாக எப்படிப் பரவும் என்று கணிப்பதும் அதே கணிதத்தால்தான். நீர் கடக்க வேண்டிய களிமண்ணின் தடிப்பு இரு மடங்கானால், வெளியேறும் நேரம் நான்கு மடங்காகும். வழியைச் சுருக்கினால் நேரம் அதைவிட வேகமாகச் சுருங்கும். நீர் வடிகுழாய்களை நெருக்கமாக வைப்பதன் நியாயம் இதில்தான் இருக்கிறது.

வரிசையில்தான் எல்லாம்

1925இல் மண்ணின் இயக்கவியல் பற்றிய அவருடைய ஜெர்மன் நூல் வெளிவந்தது. ஒரு புதிய துறை பிறந்தது. அந்த ஆண்டே அமெரிக்காவின் மெசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது.

அவருடைய கண்டுபிடிப்புகளில் மிக எளிமையானது வடிகட்டி பற்றிய விதி. அணைக்கு அடியிலோ மலைச் சரிவிலோ நீரை வெளியே விடும்போது, நீருடன் மண்ணும் கழுவுண்டு போனால் உள்ளே குகை விழும். அதைத் தடுக்க மண்ணுக்கு அடுத்து மணல், மணலுக்கு அடுத்து சிறு சரளை, அதற்கு அடுத்து பருங்கல் என்று அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் மணியும் முந்தைய அடுக்கைப் பிடித்து நிறுத்தும் அளவுக்குச் சிறியதாகவும், நீரைத் தடையின்றி விடும் அளவுக்குப் பெரியதாகவும் இருக்க வேண்டும். டெர்சாகி இதை அளவுகளாகவே சொன்னார். அதே மணல், அதே கல்தான். அடுக்கை மாற்றிப் போட்டால் மண் கழுவுண்டு போகும், அல்லது வடிகட்டி அடைபட்டுப் போகும்.

கணினியைத் தண்ணீரால் குளிர்விக்கும் இளைஞர்களுக்கு இது உடனே விளங்கும். தொட்டி, பம்ப், சிப்பின் மேல் உட்காரும் உலோகக் கட்டை, சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர், இவற்றை இணைக்கும் குழாய்கள், அவ்வளவுதான் சாமான்கள். ரேடியேட்டர் சிப்புக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பது பெரிய விடயமல்ல. நீர் வேகமாகச் சுற்றுவதால் வட்டம் முழுவதும் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆனால் தொட்டி, பம்புக்கு நேர் முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் காற்றை இழுக்கும், உலர்ந்து ஓடும், எரிந்துபோகும். எந்த வரிசை முக்கியம், எது முக்கியமில்லை என்று பிரித்தறிவதே அங்கு தொழில். அங்கே பிழைத்தால் ஒரு கணினி போகும். மலையில் பிழைத்தால் ஒரு லயன் போகும்.

இரண்டாம் முறை நாடு மாறியவர்

1929இல் டெர்சாகி வியன்னாவுக்குப் பேராசிரியராகத் திரும்பினார். அமெரிக்காவில் சந்தித்த நிலவியலாளர் ரூத் டொகெட்டை மணந்தார். அவருடைய ஆய்வுகளில் ரூத் கடைசிவரை துணை நின்றார். 1936இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மண் பொறியியலின் முதலாவது சர்வதேச மாநாடு கூடியது. அந்த அமைப்பின் தலைவராக 1957 வரை அவரே இருந்தார்.

அவரைப் புனிதராக்கத் தேவையில்லை. முன்கோபக்காரர். சக பேராசிரியர்களுடன் கசப்பான மோதல்கள் இருந்தன. நாஜி ஜெர்மனி நூரம்பேர்க்கில் கட்டிய பிரமாண்டமான பேரணித் திடலின் அத்திவாரம் பற்றி அவரிடம் ஆலோசனை கேட்டபோது, அவர் போனார், ஹிட்லருடனேயே பேசினார். அறிவு யாருக்கு வேலை செய்கிறது என்ற கேள்வி அவருடைய வாழ்விலும் உண்டு. 1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கிய பின்னர் அவர் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குப் போய் ஹாவர்டில் சேர்ந்தார். 1943இல் அந்நாட்டுக் குடிமகனானார்.

அதன் பிறகு உலகின் பல மூலைகளிலிருந்து அவரை அழைத்தார்கள். சிக்காகோவின் சுரங்க ரயில் பாதைக்கு ஆலோசகரானார். எகிப்தின் அஸ்வான் உயர் அணை ஆலோசகர் குழுவுக்குத் தலைமை தாங்கி, பின்னர் கருத்து முரண்பாட்டால் விலகினார். 1948இல் ரால்ஃப் பெக்குடன் சேர்ந்து எழுதிய பாடநூல் இன்றும் படிக்கப்படுகிறது. 1950இல் மண்சரிவு நிகழும் விதம் பற்றி எழுதிய கட்டுரை, சரிவுக்கான காரணங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது.

முதுமையில் அவர் அதிகம் வலியுறுத்தியது ஒரு பழக்கத்தை. மண் இயற்கை செய்த பொருள், மேசையில் போட்ட கணக்கு அதற்கு முழுதும் பொருந்தாது. ஆகவே கட்டும்போதும் கட்டிய பிறகும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். நீர்மட்டம், அமுக்கம், வெடிப்பின் அகலம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே, கணக்கு பிழைத்தால் திட்டத்தைத் திருத்த வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மென்மையான களிமண்ணின் மேல் மிஷன் அணையை இந்த முறையில்தான் கட்டி முடித்தார்கள். 1965இல் அதற்கு டெர்சாகி அணை என்று பெயர் மாற்றினார்கள்.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1963 ஒக்டோபர் 25ஆம் திகதி மெசசூசெட்ஸின் வின்செஸ்டரில் காலமானார். அதற்குப் பதினாறு நாட்களுக்கு முன்னர், இத்தாலியின் வையொந்த் நீர்த்தேக்கத்துக்குள் ஒரு மலைப்பக்கமே சரிந்து விழுந்தது. எழுந்த அலையில் ஏறத்தாழ 2000 பேர் இறந்தார்கள். மலை நகர்வது முன்னரே தெரிந்திருந்தது, அளந்தும் இருந்தார்கள். அளந்ததைக் கேட்டு நேரத்தோடு மக்களை எழுப்பவில்லை.

கான் வெட்டியவர்களின் மலை

இப்போது ஊவாவுக்குத் திரும்புவோம். நீருக்கு வழி வெட்டுவது எங்கள் மக்களுக்குப் புதிய அறிவு அல்ல. கோப்பிக் காலம் முதல் தோட்ட வேலைகளில் கான் வெட்டுதலும் ஒன்று. மலையின் வளைவை ஒட்டி, மெல்லிய சாய்வில், மேலிருந்து ஓடிவரும் நீரைக் குறுக்கே பிடித்து ஓரத்தில் இறக்கும் கான்கள் அவை. அவற்றை வெட்டிய கைகளும், மழைக்கு முன் தூர் அள்ளிய கைகளும் எங்கள் பாட்டன் பாட்டிகளுடையவை. கணக்கு தெரியாதவர்கள், ஆனால் நீரின் குணம் தெரிந்தவர்கள்.

டெர்சாகியின் அறிவைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சரிவைக் காக்கும் வரிசை இப்படி அமையும். ஆபத்தான பகுதிக்கு மேலே, அசையாத நிலத்தில், முதலாவது கான். அதன் அடியும் பக்கமும் நீர் புகாதபடி பூசப்பட வேண்டும். வெடித்த நிலத்தில் பூசாமல் வெட்டிய கான் வடிகாலாக இராது, மலைக்கு நீரூட்டும் வாய்க்காலாகிவிடும். அடுத்து, நிலத்தின் வெடிப்புகளைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். அடுத்து, சரிவுக்குள் மெல்ல மேல்நோக்கித் துளையிட்டு, வடிகட்டியுடன் கூடிய குழாய்களைச் செருக வேண்டும். உள்ளே தேங்கிய நீர் தன் பாரத்தாலேயே வெளியே வரும். கடைசியாக, அந்த நீரை ஓடைவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதைக் கீழ் லயனின் தலைமேல் விட்டால் ஆபத்து இடம் மாறியதே தவிர, நீங்கவில்லை. இவ்வளவும் செய்த பின்னும் நிலத்தடி நீர்மட்டத்தை அளக்க ஒரு குழாய் நிற்க வேண்டும், அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

இது கற்பனை அல்ல. பதுளை நகருக்கு அருகே, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கும் பதுளுசிறிகம சரிவில், ஜப்பானின் உதவியோடு கருவிகள் பொருத்தி அளந்து, கிடைத் துளைகள் மூலம் நீரை வெளியேற்றும் வேலை நடந்தது. அதே மாவட்டம், அதே மழை. அறிவும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள்.

மீரியபெத்தவில் என்ன நடந்தது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடிதமாகவும் கூட்டமாகவும் நின்றது. போக மாற்றுக் காணி யாரும் கொடுக்கவில்லை. தலைமுறைகளாக உழைத்தும் லயனும் சொந்தமில்லை, லயன் நின்ற நிலமும் சொந்தமில்லை. காணி இல்லாதவனிடம் இடம் மாறு என்று சொல்வது எச்சரிக்கைதானா? நிலத்தின் சொந்தக்காரர் ஒருவர், நிர்வகிப்பவர் ஒருவர், அளப்பவர் ஒருவர், ஆபத்தில் தூங்குபவர் இன்னொருவர். இந்த நான்கு பேரும் ஒரு வரிசையில் இணைக்கப்படவே இல்லை.

உயிர் தப்பியவர்களில் பலர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மக்கல்தெனியவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தடுப்புகளுக்கிடையே வாழ்ந்தார்கள். 2016இல் அங்கே 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. முகாம் வாழ்க்கை என்றால் என்னவென்று வன்னியில் உள்ளவர்களுக்குத் தெரியும். அவர்களில் கணிசமானோர் 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். ஒரே குடும்பத்தில் ஒரு கிளை போரில் சிதறியது, ஒரு கிளை மண்ணில் புதைந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா மலைகள் மீண்டும் சரிந்தன. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மலைக்குக் கீழே இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு. மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல். புதிதாக ஊற்று கிளம்புதல். தெளிவாக ஓடிய பீலி திடீரெனக் கலங்குதல், அல்லது மழை பெய்யும்போதே வற்றிப்போதல். கதவு ஜன்னல் காரணமில்லாமல் இறுகுதல். இவை ஒவ்வொன்றும் உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று மலை தரும் தகவல். கண்டால் இரவென்று பாராமல் வெளியேற வேண்டும்.

ஆனால் மக்கள் கவனித்தால் மட்டும் போதாது. டெர்சாகியிடம் இருந்தவை சுருட்டுப் பெட்டிகள். அவற்றை வைத்தே மலை ஏன் சரிகிறது என்று அவர் சொல்லிவிட்டார். எங்கள் நாட்டிடம் வரைபடமும் கருவியும் நிபுணரும் உண்டு. தோட்டத்துக் கான்களின் தூரை அள்ளவும், நீர்மட்டத்தை அளக்கவும், அளந்ததைக் கேட்டு மக்களை நேரத்தோடு நகர்த்தவும், நகர்ந்து போக ஒரு துண்டுக் காணியைச் சொந்தமாகக் கொடுக்கவும் வேண்டியதுதான் பாக்கி. மீரியபெத்தவில் அந்தக் கடைசித் துண்டுதான் வரிசையில் இல்லாமல் போனது.